பனி காயுமுன் பறித்த ஆரஞ்சு

அக்டோபர் 6, திங்கள்

மெழுகு பூசும் இயந்திரத்தில் ஒரு தூரிகை காலையில் சுற்றாமல் நின்றுவிட்டது. மதியம்தான் சரியானது. அதுவரை தொட்டியில் மிதந்துகொண்டிருந்த எலுமிச்சம்பழங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் தோல் சுருங்கிப்போனது.

வியாழக்கிழமை தங்கையின் ஆரஞ்சு வருகிறது. இந்தப் பேக்கிங் ஷெட்டுக்கு நான் மேனேஜராக வந்த பிறகு யார் யார் தோட்டத்துப் பழமோ என் கைவழியாகக் கப்பல் ஏறியிருக்கிறது. யார் பழத்துக்காகவும் இப்படித் தூக்கம் கெட்டதில்லை. சொந்தக்காரப் பழம் என்றால் கண் தடுமாறிவிடுமோ என்று ஒரு பயம். தடுமாறாமல் ஒதுக்கிவிட்டால் என்ன ஆகும் என்று அதைவிடப் பெரிய பயம்.

போன வருடம் அவள் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஃபோன் ஒரு பக்கம் போய் விழ, இவள் மரத்தடியில் மதியம் வரைக்கும் தனியாகக் கிடந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன், "போதும். அப்பா தோட்டம்னு அதுக்காக உயிரையா விடணும்? குத்தகைக்கு விட்டுட்டு டவுனுக்கு வந்து என் பக்கத்துல இரு" என்றான். இவள் கட்டுப்போட்ட கையோடு முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். இந்தப் பருவம் அவள் பழம் கப்பல் ஏறினால் தோட்டம் அவள் கையில். ஏறாவிட்டால் சாவி அண்ணன் கையில்.

அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. அவன் பேசும்போது அவன் பக்கம் தலையாட்டினேன், அவள் பேசும்போது அவள் பக்கம். நடுப்பிள்ளைகளுக்குக் கழுத்துவலி வருவது இதனால்தான்.

அக்டோபர் 7, செவ்வாய்

தோட்டத்துக்குப் போய்ச் சாம்பிள் எடுத்தேன். நாலு பக்கமும் நடந்து, வெயில் படுகிற கிளையில் ஒன்று, உள்கிளையில் ஒன்று என்று பறித்து, சாறு பிழிந்து கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். இனிப்பு நன்றாக ஏறியிருக்கிறது, புளிப்பும் அளவாக இருக்கிறது. தோல்தான் இன்னும் பச்சை. அது பரவாயில்லை. இரவில் குளிர் விழாத வருடங்களில் உள்ளே பழுத்தாலும் வெளியே பச்சையாகவே நிற்கும். எங்கள் கலர் ரூமில் வாயு விட்டு வெதுவெதுப்பாக அடைத்து வைத்தால் மூன்று நாளில் நிறம் திரும்பிவிடும்.

"வெளிய பச்சை, உள்ள பழம்" என்றாள் தங்கை. "நீ இதுக்கு நேர்மாறுக்கா. வெளிய பெரிய மேனேஜர், உள்ள பச்சைப் புள்ள."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவள் ஏணியின் கால்களை அசைத்துப் பார்த்தேன். அவள் அதையும் பார்த்துவிட்டாள்.

பறிக்கிற கத்தரிகளைத் தீட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறாள். ஆட்களுக்குக் காம்பை எப்படி ஒட்ட நறுக்க வேண்டும் என்று அவளே செய்து காட்டினாளாம். காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துப் பழத்தைக் குத்திவிடும். நகம் வளர்த்த ஒருத்தியை நகம் வெட்டிவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பினாளாம். இவ்வளவு பார்க்கிறவள். எனக்கு எதற்கு இந்தப் படபடப்பு?

அக்டோபர் 8, புதன்

கலர் ரூமில் இடத்துக்கு அடிதடி. ஆற்றோரத் தோட்டக்காரரும் நாளைக்கே வேண்டும் என்கிறார். அவருக்குப் பிடி கொடுக்காமல் பேசிவிட்டு, தங்கைக்குச் செய்தி அனுப்பினேன்: "நாளை பத்து மணிக்குள் முதல் வண்டி இங்கே இருக்கணும். லேட்டானா இடம் போயிடும்."

மதியம் மறுபடி அனுப்பினேன். சாயங்காலம் மறுபடி.

வீட்டுக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "அவ என்ன முதல் வகுப்புப் புள்ளையா? ஒரு தடவை சொன்னா போதாதா?" என்றார். போதாது. எனக்கு எதுவும் ஒரு தடவை போதாது. கேஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்கவே நான் மூன்று தடவை எழுந்து போகிறவள்.

அக்டோபர் 9, வியாழன்

முதல் வண்டி ஒன்பது மணிக்கே வந்து நின்றது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. "பாத்தியா, சொன்னா சொன்ன நேரத்துக்கு வந்துட்டேன்" என்று டிரைவர் பக்கத்திலிருந்து குதித்தாள். கண் சிவந்திருந்தது. "இரண்டாவது வண்டி சாயங்காலம் வரும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள்.

அழகான பழம். ஒரு கீறல் இல்லை. காம்பு எல்லாம் ஒட்ட நறுக்கியிருந்தது.

மேல்பெட்டியை இறக்கிவிட்டு அடிப்பெட்டியில் கை விட்டேன். ஒரு இலை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஈர இலை.

அடுத்த பெட்டியில் பார்த்தேன். அங்கேயும் ஈரம். அதற்கடுத்த பெட்டியிலும்.

பனி காயாமல் பறித்திருக்கிறாள்.

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். காலையில் பழம் தண்ணீர் குடித்துத் தோல் விம்மி நிற்கும். தோலுக்குள் இருக்கிற எண்ணெய்ப் பைகள் அப்போது தொட்டால் உடைகிற நிலையில் இருக்கும். விரல் கொஞ்சம் அழுத்தினாலே போதும், எண்ணெய் கசிந்து தோலைச் சுட்டுவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கலர் ரூமில் மற்ற இடமெல்லாம் நிறம் மாறும்போது சுட்ட இடம் மட்டும் பச்சையாக நின்று, பிறகு குழி விழுந்து பழுப்பாகும். அதனால்தான் பனி போய், வெயில் ஏறி, பழம் கொஞ்சம் தளர்ந்த பிறகே ஏணி போடுவார்கள். அவளுக்கு இது தெரியாதா? நகத்தைப் பார்த்து ஆளைத் திருப்பி அனுப்பியவளுக்கு?

ஒன்பது மணிக்கு வண்டி இங்கே நிற்க வேண்டும் என்றால் விடியும்போதே பறிக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

பத்து மணிக்குள் வா என்றவள் யார்? மூன்று தடவை சொன்னவள் யார்?

ஐயோ. இதை நான் யோசிக்கவே இல்லை. இடம் போய்விடும், இடம் போய்விடும் என்று அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு இங்கே என்றால் அங்கே எத்தனை மணி என்று ஒரு கணம் நினைக்கவில்லை. நான் என்ன மேனேஜர்?

ஒரு நாள் வெளியே ஆறவிட்டு ஏற்றலாம் என்றால் அறையை இன்றைக்கே மூட வேண்டும். கப்பல் யாருக்காகவும் நிற்காது. உள்ளே ஏற்றச் சொன்னேன். ஆனால் காலை வண்டிப் பழம் முழுவதையும் இடது சுவர் ஓரமாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கிலும் நீல டேப் ஒட்டினேன். சாயங்காலம் வந்த பழம் வலது பக்கம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், "எல்லாம் ஒரே தோட்டத்துப் பழம்தானே மேடம், எதுக்கு இந்தப் பாகப்பிரிவினை?" என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

சாயங்காலம் தங்கை மறுபடி வந்தபோது நான் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. அவள் பார்வை இடது பக்கம் போய் நின்று திரும்பியது. அது எனக்குத் தெரியும்.

அக்டோபர் 10, வெள்ளி

கலர் ரூம் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. உள்ளே ஒரு மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் பச்சையும் மஞ்சளாகத்தான் தெரியும், மஞ்சளும் மஞ்சளாகத்தான் தெரியும். யார் அந்த பல்பைப் போட்டார்கள்? நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பேன்.

"ஒரு தடவை தொறந்து பாத்துட வேண்டியதுதானே" என்கிறார் வீட்டுக்காரர், ஏதோ அது குளிர்சாதனப் பெட்டி மாதிரி. திறந்தால் வாயு போய்விடும், சூடு போய்விடும், நிறம் திட்டுத்திட்டாக ஏறும். பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் நெருப்பின்மேல் நிற்கிறேன்.

இன்றைக்கு அந்தக் கண்ணாடியில் மூக்கு வைத்து வைத்து அதில் என் மூக்குத் தடம்தான் பதிந்திருக்கிறது. துடைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 11, சனி

சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் முட்டை பொரித்துக் கொடுத்தார். அதன் மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தேனாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

அண்ணன் ஃபோன் செய்தான். செவ்வாய்க்கிழமை தரம் பார்க்க ஆள் வரும்போது தானும் வருகிறானாம். "எங்க தெருவுலயே ஒரு வீடு காலியா இருக்கு. கீழ்வீடு. படி ஏற வேண்டாம். நான் ஒண்ணும் கெடுதல் நினைக்கல, தெரியுமில்ல?" என்றான். தெரியும். அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம். இவன் அவள் விழுந்த நாளிலிருந்து ஃபோன் மணி அடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவன்.

சாயங்காலம் தங்கை.

"பழம் எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லான்னா?"

"நல்லான்னா நல்லாதான்."

பிறகு, "சரி, வெச்சிடறேன்" என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருக்கிறது. ரெண்டு பேரும் ஒரே கல்லை முழுங்கிட்டு வாய மூடிக்கிட்டு இருக்கோம். கேட்டாதான் என்ன? சொன்னாதான் என்ன?

அக்டோபர் 13, திங்கள்

கதவைத் திறந்தோம்.

வலது பக்கம் அப்படியொரு நிறம். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாசு மருவில்லை.

அப்புறம் இடது பக்கம் போனேன்.

புள்ளி. பச்சைப் புள்ளி. ஒரு பெட்டியில் எடுத்த பத்தில் நாலுக்குப் புள்ளி. ஒரு பழத்தைக் கையில் எடுத்தேன். ஒரு பக்கம் பெருவிரல் அளவுக்கு ஒன்று, மறுபக்கம் வரிசையாக மூன்று. என் விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அப்படியே பொருந்தியது. எந்தப் பொம்பளை பறிச்சாளோ, இருட்டுல, ஈரத்துல, கை விறைச்சுப்போய், சீக்கிரம் சீக்கிரம்னு இவ பின்னால நின்னு கத்தியிருப்பா. இவ பின்னால நின்னு கத்தினது யாரு? நான்.

மேஜைமேல் அதை வைத்துவிட்டு வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன்.

ஃபோர்க்லிஃப்ட்காரர் நல்ல மனிதர், அதனால் அவர் சொன்னதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "புள்ளி இருக்கறத மட்டும் பொறுக்கி எடுத்துடலாமே மேடம். மிச்சத்த அந்தப் பக்கத்தோட கலந்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

யாருக்கும் தெரியாதுதான். இன்றைக்குத் தெரியாது. ஆனால் இன்று புள்ளி இல்லாத பழத்தில் நாளை மறுநாள் வரும். கப்பலில், பெட்டிக்குள், யாரும் பார்க்காதபோது வரும். அங்கே திறந்து பார்க்கிறவர்கள் மொத்தத்தையும் கொட்டிவிடுவார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் கலந்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் நினைத்தேன். எழுதி வைக்கிறேன். நிஜமாகவே நினைத்தேன். ஏறினால் போதுமே, அந்தப் பக்கம் போய் எப்படியோ ஆகட்டும், அவள் சாவி அவளிடம் இருக்குமே என்று. கையில் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உரிக்கவில்லை. வலது பக்கத்தை மட்டும் கழுவும் தொட்டிக்கு அனுப்பினேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

தரம் பார்க்கிற அம்மாவை இங்கே பூதக்கண்ணாடி என்பார்கள். கழுத்தில் தொங்குகிற லென்ஸ் அவர் தூங்கும்போதும் தொங்கும் என்று பேச்சு. சிரித்து யாரும் பார்த்ததில்லை. வந்ததும் நானே சொன்னேன்: "ரெண்டு லாட் இருக்கு. ஒண்ணு பேக் பண்ணியாச்சு. இன்னொண்ணு அப்படியே இருக்கு, அதுல எண்ணெய்ப் புள்ளி விழுந்திருக்கு." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எந்த ஷெட்டிலும் யாரும் கேட்கும் முன்னால் இப்படிச் சொன்னதில்லை போல.

அண்ணன் சட்டையை டக்-இன் செய்துகொண்டு கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நின்றான். தங்கை நீல டேப் ஒட்டிய அடுக்குக்கு முன்னால் நின்றாள். எனக்கு முன்னால் அவளே பேசிவிட்டாள்.

"ஈரத்துல பறிச்சது நான்தாண்ணா. தெரிஞ்சேதான் பறிச்சேன்."

"அவ இல்ல" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பத்து மணிக்குள்ள வரச்சொன்னது நான். மூணு தடவை சொன்னேன்."

"நீ நூறு தடவை சொல்லுவே. முடியாதுன்னு நான் ஒரு தடவை சொல்லியிருக்கணும்."

"உன்னை சொல்ல விட்டேனா நான்?"

"எல்லாத்தையும் நீயே எடுத்துக்காதக்கா! என் தோட்டம், என் தப்பு!"

"என் ஷெட்டு, என் தப்பு!"

தப்புக்கு இப்படிப் போட்டிபோட்டு அண்ணன் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் உடைந்த டம்ளருக்கு மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டிய வீடு அது. பூதக்கண்ணாடி அம்மா, "கொஞ்சம் மெதுவா பேசறீங்களா, எண்ணிட்டிருக்கேன்" என்றார்.

எண்ணினார். பெட்டிகளைப் பிரித்தார், காம்பை அழுத்தினார், நறுக்கினார், லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு யுகம் பார்த்தார். பிறகு வலது லாட்டின் மீது முத்திரை குத்தினார். இடது லாட்டுக்கு, "இது ஜூஸுக்குத்தான்" என்றார். போகும்போது என்னிடம் மட்டும், "கலந்திருந்தா ரெண்டும் போயிருக்கும்" என்றார். என் பயம் பிறந்ததிலிருந்து எனக்குச் செய்த ஒரே உபகாரம் அந்த நீல டேப்.

அண்ணன் மெதுவாக ஆரம்பித்தான். "பாதிதானே ஏறுது."

தங்கை நிமிர்ந்தாள். "ஏறுச்சா இல்லையா?"

"ஏறுச்சு, ஆனா..."

"எவ்வளவு ஏறணும்னு நீ சொன்னியா?"

அவன் என்னைப் பார்த்தான், வழக்கம்போல நான் தலையாட்டுவேன் என்று. நான் கழுத்தை அசைக்கவில்லை. "அவ சொல்றதுதாண்ணா சரி. அவகிட்டயே இருக்கட்டும்" என்றேன். போன வருடம் அந்த வராந்தாவில் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம்.

அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். காருக்குள் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. கோபமா, பயமா தெரியவில்லை.

அக்டோபர் 15, புதன்

கன்டெய்னர் போய்விட்டது. அண்ணன் ஃபோனை எடுக்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்னும் எடுக்கவில்லை. அந்தக் கீழ்வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டானோ? நேரில் போய்ச் சாவியைக் கேட்டுவிடுவானோ? தங்கை, "கேட்டா பாத்துக்கலாம், நீ முதல்ல சாப்பிடு" என்கிறாள். யாருக்கு யார் அக்கா?

அக்டோபர் 22, புதன்

அண்ணன் தோட்டத்துக்குப் போயிருக்கிறான். வாசலில் நின்றபடியே ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டானாம். உள்ளே கயிறு கோத்த ஒரு விசில். "விழுந்தா இதை ஊது. பக்கத்துத் தோட்டத்துல சொல்லி வெச்சிருக்கேன்" என்றானாம். சாவியைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஃபோனில் இதைச் சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூக்கும் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

நவம்பர் 20, வியாழன்

கப்பல் பழம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாகத் தகவல். கலர் ரூம் பல்பை மாற்றச் சொன்னேன். வெள்ளை பல்பு.

*

அக்டோபர் 8, வியாழன்

ஒரு வருடம் கழித்து மறுபடி அவள் பறிப்பு. நேற்று, "எத்தனை மணிக்கு வண்டி" என்று டைப் செய்துவிட்டு அழித்தேன். மறுபடி டைப் செய்து மறுபடி அழித்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, அதிசயமாக, ஒன்றும் சொல்லவில்லை. கலர் ரூமை மதியத்துக்கு மேல் ஒதுக்கி வைத்துவிட்டு, காலையில் நானே தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

பறிக்கிறவர்கள் ஏணிகளைச் சாய்த்து வைத்துவிட்டுக் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வந்திருந்தான், மறுபடி டக்-இன். "வெயில்தான் வந்துடுச்சே, இன்னும் என்ன?" என்று கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கும் அதே கேள்விதான். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

தங்கை மரம் மரமாக நடந்து போனாள். உள்கிளைக்குள் தலையை விட்டு, ஒரு பழத்தைப் பறிக்காமல் அப்படியே கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னும் இல்லை என்று தலையாட்டினாள். அடுத்த மரம். மறுபடி கன்னம்.

பிறகு கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து, அண்ணன் கொடுத்த விசிலை எடுத்து ஊதினாள்.

எல்லோரும் எழுந்து ஏணியை எடுத்தார்கள். அண்ணன் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி, ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன்" என்றான்.